எரிமலை வரிசையும் செம்புச் சுரங்கமும்: சிலியில் இருப்பது ஜப்பானில் ஏன் இல்லை?

தேனி ஆசிரியர் | ஞாயிறு, இரவு 8:40

வணக்கம். பதினொன்றாம் வகுப்புக்குப் புவியியல் எடுக்கிறேன். போன வாரம் பசிபிக் நெருப்பு வளையம் நடத்தினேன். எரிமலைகளைச் சிவப்புப் புள்ளியாலும் பெரிய செம்புச் சுரங்கங்களைப் பச்சைப் புள்ளியாலும் நிலப்படத்தில் குறிக்கச் சொன்னேன். சிலி, பெரு, பிலிப்பைன்ஸ், பப்புவா என்று இரண்டு நிறமும் ஒட்டிக்கொண்டே போயின. "கடலடித் தட்டு கண்டத்துக்கு அடியில் நுழைந்து உருகுகிறது, அதிலுள்ள செம்பு பாறைக்குழம்போடு மேலே வருகிறது" என்று சொல்லி முடித்தேன்.

ஒரு மாணவி எழுந்தாள். "சார், ஜப்பானுக்கு அடியிலயும் தட்டு நுழையுதே. நூறு எரிமலைக்கு மேல இருக்கே. அங்க பச்சைப் புள்ளி ஏன் இல்ல?"

அடுத்த வாரம் பதில் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். புத்தகங்களில் தேடியும் திருப்தியான விளக்கம் கிடைக்கவில்லை. இங்கே சுரங்கத் துறையில் இருப்பவர்கள் உதவ வேண்டும்.


வைகைக்கரை | ஞாயிறு, இரவு 9:05

நான் வரலாற்றுக்காரன், புவியியல் தெரியாது. ஆனால் ஜப்பானில் செம்பே இல்லை என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள் ஐயா. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் நாகசாகியில் செம்புக் கட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்து நம் சோழமண்டலக் கரையில் விற்றிருக்கிறார்கள். ஷிகோகு தீவின் பெஷ்ஷி சுரங்கம் 1691இல் தொடங்கி 1973 வரை ஓடியது.


சேலத்தான் | ஞாயிறு, இரவு 9:20

தட்டு உருகுவதுதான் காரணம் என்று நானும் படித்திருக்கிறேன். ஜப்பானில் இருந்ததை எல்லாம் தோண்டித் தீர்த்துவிட்டார்கள் போலிருக்கிறது. அவ்வளவுதானே?


தாதுப்பாறை | ஞாயிறு, இரவு 11:50

வட சிலியில் ஒரு செம்புச் சுரங்கத்தில் ஒன்பது ஆண்டு வேலை பார்த்தவன். நிதானமாக எழுதுகிறேன், நீளமாகப் போகும்.

முதலில் ஒன்றைத் திருத்திக்கொள்ள வேண்டும் ஆசிரியர் ஐயா. அமிழ்கிற தட்டு பெரும்பாலான இடங்களில் உருகுவதில்லை. அது பழசாகி ஆறிப்போன தட்டு. அது கொடுப்பது தண்ணீர். கடலடியில் கோடிக்கணக்கான ஆண்டு ஊறிக் கிடந்ததால் அதன் கனிமங்களுக்குள்ளேயே நீர் கட்டுண்டு இருக்கிறது. சுமார் 100 கி.மீ. ஆழம் போகும்போது அழுத்தமும் சூடும் தாங்காமல் அந்த நீர் பிரிந்து, மேலே இருக்கும் கவசப் பாறைக்குள், அதாவது மேலோட்டுக்கு அடியில் இருக்கும் தடித்த பாறை அடுக்குக்குள், ஏறுகிறது. உருகுவது அந்தக் கவசப் பாறைதான். கண்ணாடி செய்பவர்களைப் பாருங்கள். வெறும் மணலை உருக்க 1,700 டிகிரி வேண்டும். சோடா உப்பைக் கலந்துவிட்டால் பல நூறு டிகிரி குறைவிலேயே இளகிவிடும். சோடா உப்பு மணலுக்குச் செய்வதைத்தான் கீழே தண்ணீர் கவசத்துக்குச் செய்கிறது. எரிமலை வரிசை, தட்டு ஏறக்குறைய 100 கி.மீ. ஆழத்தைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே வரிசை கட்டி நிற்பதற்கு இதுவே காரணம்.

அடுத்தது செம்பு. சேலத்தான், அது தட்டிலிருந்து மூட்டை கட்டி வருவதில்லை. கவசப் பாறையிலேயே டன்னுக்கு 30 கிராம் அளவில் செம்பு இருக்கிறது. உருகும்போது அது குழம்புக்குள் வருகிறது. எரிமலை வரிசையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஆண்டிசைட் பாறையில் டன்னுக்கு ஒரு 50 கிராம். நான் வேலை பார்த்த இடத்துத் தாதுவில் டன்னுக்கு 5 கிலோ, அதாவது அரை சதவீதம். 50 கிராம் எப்படி 5 கிலோ ஆகிறது என்பதுதான் உண்மையான கேள்வி.

கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். 1 கோடி டன் செம்புள்ள ஒரு படிவு வேண்டும் என்று வையுங்கள். டன்னுக்கு 50 கிராம் என்றால், ஒரு துளி வீணாகாமல் திரட்டினாலும் 20,000 கோடி டன் பாறைக்குழம்பு தேவை. கன அளவில் சுமார் 80 கன கி.மீ. பிலிப்பைன்ஸில் 1991 ஜூன் 15 அன்று வெடித்த பினடுபோ மலை மொத்தமாகக் கக்கிய குழம்பே 5 கன கி.மீ. அளவுதான். அப்படி ஒரு பதினாறு பினடுபோ, வெளியே வராமல் அடியிலேயே நின்று, தன் செம்பை ஒரே இடத்தில் ஒப்படைக்க வேண்டும்.

"வெளியே வராமல்" என்பதை மாணவியிடம் அழுத்திச் சொல்லுங்கள். வெடித்துவிட்டால் செம்பு சாம்பலோடும் புகையோடும் காற்றில் போய்விடும். படிவு உருவாகும் இடத்தில் குழம்பு 5 முதல் 15 கி.மீ. ஆழத்தில் தேங்கி மெல்ல உறைகிறது. தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு விளைய விளைய, பாத்தியில் மிஞ்சும் தண்ணீர் கசப்பேறிக்கொண்டே போகும் அல்லவா? உப்புப் படிகத்துக்குள் நுழைய முடியாததெல்லாம் மிச்சத் தண்ணீரில் திரளும். ஆழத்திலும் அப்படித்தான். ஃபெல்ஸ்பார் போன்ற கனிமங்கள் விளைய விளைய, நீரும் குளோரினும் மிச்சக் குழம்பில் ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் தாங்காமல் தனித் திரவமாகப் பிரிந்து மேல்பாறையை நொறுக்கிக்கொண்டு ஏறும். குளோரினோடு கைகோத்து செம்பும் கிளம்பிவிடும். சுமார் 400 டிகிரிக்கு ஆறும்போது, விரிசல் விரிசலாகச் செம்பு படியும்.

அந்த விரிசல்களைக் கையில் பிடித்துப் பார்த்தவன் நான். துளையிட்டு எடுத்த பாறை உருளைகளை மரப்பெட்டியில் அடுக்கி வைத்திருப்பார்கள். ஈரத்துணியால் துடைத்ததும் சாம்பல் நிறப் பாறையில் குறுக்கும் நெடுக்குமாக வெங்கச்சாங்கல் கோடுகள் வெள்ளையாகத் தெரியும். முதலில் வந்தவை நெளிநெளியாக இருக்கும். பாறை அப்போது இன்னும் சூடாக, இளக்கமாக இருந்ததற்கு அதுவே சாட்சி. பிறகு வந்தவை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக வெட்டிச் செல்லும். கோட்டுக்குள் பொன்னிறப் பொட்டுகள் மின்னும். கத்தி முனையால் கீறுவேன். கீறல் விழுந்து, பச்சை கலந்த கறுப்புத் தூள் உதிர்ந்தால் சால்கோபைரைட், செம்பு இருக்கிறது. கத்திக்கே அசையாவிட்டால் பைரைட், வெறும் இரும்பும் கந்தகமும். ஒரு பெட்டிக்கு இருபது தடவையாவது இதைச் செய்திருப்பேன்.


சேலத்தான் | திங்கள், காலை 6:30

அருமையான விளக்கம் அண்ணா. இதுவரை தப்பாகவே நினைத்திருந்தேன். ஆனால் மாணவியின் கேள்வி அப்படியே நிற்கிறதே. ஜப்பானிலும் தண்ணீர் ஏறுகிறது, கவசம் உருகுகிறது, குழம்பில் செம்பும் இருக்கிறது. பிறகு?


கோமதி | திங்கள், காலை 7:45

நான் ஜப்பானில் கருங்கல் வேதியியலில் ஆய்வு செய்கிறேன். தாதுப்பாறை அண்ணா எழுதியதில் கந்தகத்தைச் சேர்க்கவில்லை. அதுதான் இந்தக் கதையின் உயிர்நாடி என்பது என் எண்ணம்.

செம்புக்குக் கந்தகம் என்றால் அவ்வளவு ஈர்ப்பு. குழம்பில் ஆக்சிஜன் நிலை குறைவாக இருந்தால் கந்தகம் சல்பைடாக, அதாவது ஆக்சிஜன் சேராத வடிவில், இருக்கும். அது கொஞ்சம்தான் கரையும், மீதி கனமான சொட்டுகளாகப் பிரிந்து, செம்பை வாரிச் சுருட்டிக்கொண்டு அடியில் இறங்கிவிடும். மேலே வருகிற குழம்பு ஏழையாகிவிடும். ஆனால் தட்டிலிருந்து ஏறும் நீர் கடலின் சல்ஃபேட்டையும் இரும்பின் துருப்பிடித்த தன்மையையும் ஏதோ ஒரு வழியில் கவசத்துக்குக் கொண்டு சேர்க்கிறது. அதனால் எரிமலை வரிசைக் குழம்பில் ஆக்சிஜன் நிலை அதிகம். அங்கே கந்தகம் ஆக்சிஜனோடு சேர்ந்து சல்ஃபேட்டாக மாறிவிடும், ஏறக்குறைய பத்து மடங்கு அதிகமாகக் கரையும், செம்பைப் பிடிக்காமல் விட்டுவிடும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. குழம்பிலிருந்து பிரிந்த திரவத்தில் அந்தக் கந்தகம் சல்ஃபர் டை ஆக்சைடாக ஏறுகிறது. ஆறும்போது அது தண்ணீரோடு வினைபுரிந்து இரண்டாகப் பிரியும். ஒரு பங்கு மறுபடி சல்ஃபேட்டாகி, பாறையிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து அன்ஹைட்ரைட் ஆகும். இன்னொரு பங்கு சல்பைடாகி, கூடவே வந்த செம்பைப் பிடித்துக்கொள்ளும். வழியெல்லாம் செம்பைத் தொடாமல் வந்த கந்தகம், சரியான ஆழத்தில் சரியான சூட்டில் தன் வடிவத்தை மாற்றிக்கொண்டு அதைச் சிறைபிடிக்கிறது. ஆய்வகத்தில் முதன்முதலாக இந்தச் சமன்பாட்டை எழுதிப் பார்த்த அன்று வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பினடுபோ கக்கிய நுரைக்கல்லில் அன்ஹைட்ரைட் படிகங்கள் கிடைத்தன. அதாவது செம்புப் படிவு செய்யத் தகுதியான குழம்புதான் அது, ஆனால் வெடித்துவிட்டது. வானுக்குப் போன 1.5 முதல் 2 கோடி டன் சல்ஃபர் டை ஆக்சைடால் உலகச் சராசரி வெப்பநிலையே சுமார் அரை டிகிரி குறைந்தது.

ஆக்சிஜன் நிலையை அறியப் பெரிய கருவி வேண்டியதில்லை ஆசிரியர் சார். ஒரு சின்னக் காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, கருங்கல் துண்டின் பக்கத்தில் கொண்டுபோங்கள். ஆக்சிஜன் மிகுந்த குழம்பில் மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம் விளையும். காந்தம் கல்லை நோக்கிச் சாய்ந்து ஒட்டும். குறைந்த குழம்பில் இல்மனைட்தான் விளையும். காந்தம் அசையாது தொங்கும். ஷுன்சோ இஷிஹாரா 1977இல் ஜப்பான் கருங்கற்களை இப்படி இரண்டு இனமாகப் பிரித்தார். ஜப்பான் கடலை ஒட்டிய சான்இன் பட்டையில் மேக்னடைட் இனமும் மாலிப்டினமும். தெற்கே சான்யோ பட்டையில் இல்மனைட் இனமும் டங்ஸ்டனும். என் மேசையில் இரண்டு பட்டையின் கல்லும் இருக்கின்றன. பார்க்க ஒரே மாதிரி வெள்ளைக் கல்தான், காந்தம் மட்டும் ஒன்றிடம் சாயும், மற்றதைக் கண்டுகொள்ளாது.


தாதுப்பாறை | திங்கள், மதியம் 1:15

கோமதி, கந்தகத்தை நான் விட்டது தவறுதான். நன்றி அம்மா.

ஜப்பானுக்கு வருகிறேன். என் அனுபவத்தில் முதல் வித்தியாசம் மேலோடு. மத்திய ஆண்டிஸ் மலைக்கு அடியில் மேலோடு 70 கி.மீ. வரை தடித்திருக்கிறது, நெருக்கி அழுத்தப்பட்டிருக்கிறது. குழம்பு ஏற வழியில்லாமல் ஆழத்திலேயே தேங்கி, நீரைச் சேர்த்துக்கொண்டு முதிர்கிறது. சிலியின் சுகிகமாட்டா, எஸ்கொண்டிடா போன்ற பெரிய செம்புப் படிவுகள் 4 கோடி முதல் 3 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், மலை நெருக்குண்டு எழுந்த காலத்தில் உருவானவை. எல் தெனியெந்தே இன்னும் இளையது, சுமார் 50 லட்சம் ஆண்டு.

ஜப்பானில் நடந்தது இதற்கு நேர்மாறு. 2 கோடி முதல் 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஜப்பான் கடல் திறந்து, நிலம் இழுபட்டுப் பிளந்தது. குழம்புக்கு நேரே மேலே வரப் பாதை கிடைத்தது. தேங்கி முதிர நேரமில்லை. ஆனால் அந்தப் பிளவிலேயே கடலடியில் சுடுநீர் ஊற்றுகள் பொங்கி வேறுவிதத் தாதுவைப் படியவைத்தன. துத்தநாகம், ஈயம், செம்பு எல்லாம் கலந்த கறுப்புத் தாது. ஜப்பானிய மொழியில் அதன் பெயரே குரோகோ, கருந்தாது. வைகைக்கரை சொன்ன பெஷ்ஷியும் பழைய கடலடித் தாதுதான், எரிமலை வரிசையின் அடிவயிற்றில் விளைந்தது அல்ல. இன்று ஜப்பானில் பேர் வாங்கியது ககோஷிமாவின் ஹிஷிகாரி தங்கம். அதுவும் எரிமலைச் சூட்டில் ஏறிய வெந்நீர் படியவைத்தது, ஆனால் ஆழம் குறைவு.

ஆக, குடும்பம் ஒன்றுதான், அழுத்தம் ஒரு பக்கம், இழுப்பு ஒரு பக்கம். தாதுவின் வகை அதற்கேற்ப மாறுகிறது.


கோமதி | திங்கள், மாலை 4:02

அண்ணா, ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். தடித்த மேலோட்டில் குழம்பு தேங்கினால் செம்பு கூடும் என்று படிப்பவர்கள் நினைத்துவிடக் கூடாது. அளந்து பார்த்தால் தலைகீழ். 2012இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு, எரிமலை வரிசையின் ஆரம்பக் குழம்பில் நடுக்கடல் முகட்டுக் குழம்பைவிட (தட்டுகள் விலகும் கடலடி மலைத்தொடரில் வரும் குழம்பு) செம்பு அதிகமில்லை என்று காட்டியது. அதோடு, ஆண்டிஸ் மாதிரித் தடித்த இடங்களில் குழம்பு முதிர முதிரச் செம்பு குறைந்துகொண்டே போகிறது. மேலோட்டின் அடியிலேயே சல்பைடு பிரிந்து இறங்கிவிடுகிறது. அப்படியென்றால் உலகிலேயே செம்பு மிகுந்த நாட்டின் குழம்பு, செம்பு குறைந்த குழம்பு. இதை எப்படி விளக்குவது?


தாதுப்பாறை | திங்கள், இரவு 9:30

இந்த இடத்தில்தான் துறைக்காரர்களே இரண்டு பட்டிருக்கிறார்கள். அடியில் இறங்கிய சல்பைடை பின்னால் வந்த குழம்பு கரைத்து எடுத்து வந்தது என்பது ஒரு கட்சி. செம்பின் அளவு பொருட்டே இல்லை, நீரின் அளவும் குழம்பின் மொத்தமும் அது தொடர்ந்து வந்த காலமுமே முக்கியம் என்பது இன்னொரு கட்சி.

நான் இரண்டாவது கட்சிக்குச் சாய்கிறேன், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சுரங்கத்தில் ஒரே குன்றுக்குள் ஐந்து முறை குழம்பு ஏறியிருந்தது. முதல் மூன்றின் கோடுகளில்தான் நல்ல செம்பு. கடைசி இரண்டும் ஒன்றுமில்லாமல் சும்மா வந்து போயிருந்தன. பாறையின் வேதியியலில் பெரிய வேறுபாடு கிடையாது. அடியிலிருந்த நீர் தீர்ந்துபோனதுதான் வேறுபாடு என்று நாங்கள் முடிவு செய்தோம். எரிமலை வரிசையின் ஆரம்பக் குழம்பில் சராசரி 4 சதவீதம் நீர், நடுக்கடல் முகட்டில் அரை சதவீதம்கூட இல்லை. செம்பு இரண்டிலும் ஏறக்குறைய சமம் என்று கோமதியே சொல்கிறாள். நடுக்கடல் முகட்டில் இந்த வகைப் படிவு ஒன்றுகூட இல்லையே. வித்தியாசம் தண்ணீரில்தான் இருக்க வேண்டும்.


கோமதி | திங்கள், இரவு 10:10

நீர் இல்லாமல் படிவு இல்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் ஆக்சிஜன் நிலை போதாமல் செம்பு முழுதும் அடியில் தங்கிவிட்டால், நீர் எவ்வளவு இருந்தும் பயனில்லை. சான்யோ பட்டையே அதற்குச் சாட்சி. நீர் இருந்தது, டங்ஸ்டன் வந்தது, செம்பு வரவில்லை. இதை நான் விடமாட்டேன் அண்ணா.


சேலத்தான் | செவ்வாய், காலை 6:15

நம் நாட்டுக்கு வருவோம். அந்தமானில் பாரன் தீவு இருக்கிறதே, 2004 சுனாமியைக் கிளப்பிய அதே அமிழ்வு மண்டலத்தின் எரிமலை. அங்கே செம்பு தோண்டலாமா? மத்தியப் பிரதேசத்து மலாஞ்ச்கண்ட் சுரங்கமும் இந்த வகையா?


தாதுப்பாறை | செவ்வாய், காலை 8:50

பாரன் தீவு 1787இல் வெடித்ததாகப் பதிவு இருக்கிறது, நீண்ட உறக்கத்துக்குப் பின் 1991இல் மறுபடி எழுந்தது. அது கக்குவது பெரும்பாலும் பசால்ட், முதிராத குழம்பு. அடியில் எது விளைந்தாலும் ஒன்றிரண்டு கி.மீ. ஆழத்தில், கொதிக்கும் பாறைக்குள் கிடக்கும். மேலிருக்கும் மலை அரித்துப் போக வேண்டும். நம் காலத்தில் நடக்காது. அந்த வரிசையை வடக்கே மியான்மர் வரை பின்தொடர்ந்தால் போபா எரிமலையும், அதற்கும் வடக்கே மோன்யுவா செம்புச் சுரங்கமும் வரும். அங்கே அரிப்பு தன் வேலையை முடித்துவிட்டது.

மலாஞ்ச்கண்டின் வயது சுமார் 250 கோடி ஆண்டு. கருங்கல்லில் செம்பும் மாலிப்டினமும் சேர்ந்தே இருப்பதால் சிலர் இந்த வகை என்கிறார்கள், சிலர் மறுக்கிறார்கள். பொதுவாக இவ்வகைப் படிவுகள் பழசாகக் கிடைப்பது அரிது. எழுகிற மலையின் மேல்பகுதியில் விளைவதால், விளைந்த வேகத்திலேயே அரிப்பு தின்றுவிடும்.

இப்போதே நடப்பதைப் பார்க்க ஆசையென்றால் பப்புவா நியூகினியின் லிஹிர் தீவு. எரிமலை வாய்க்குள்ளேயே சுரங்கம், ஆனால் தங்கம். ஆழக் கிணறுகளில் ஏறும் உப்புச் சுடுநீரை 2006இல் அளந்தபோது ஆண்டுக்கு 24 கிலோ தங்கம் அதில் வருவது தெரிந்தது. அந்த வேகத்தில் அங்குள்ள 1,300 டன்னும் சேர 55,000 ஆண்டு போதும். புவியியலில் அது ஒரு கண்சிமிட்டல்.


வைகைக்கரை | செவ்வாய், காலை 9:30

சிலியில் பழங்காலத்திலேயே தோண்டினார்களா?


தாதுப்பாறை | செவ்வாய், காலை 9:55

தோண்டினார்கள். 1899இல் சுகிகமாட்டாவில் ஒரு பழைய சுரங்கக் குழிக்குள் மண் சரிந்து மாட்டிக்கொண்ட ஒருவரின் உடல் கிடைத்தது. தோலெல்லாம் செம்பின் பச்சை ஊறிப் பதப்பட்டிருந்தது. பக்கத்தில் கல் சுத்தியலும் கூடையும். அவர் இறந்து 1,400 ஆண்டுக்கு மேல் ஆகிறது. அட்டகாமாவில் மழையே இல்லாததால் உடலும் கெடவில்லை, மேல்மண்ணில் சேர்ந்த பச்சைத் தாதுவும் கரைந்து ஓடவில்லை. அட்டகாமைட் என்ற செம்புக் கனிமத்துக்கே அந்தப் பாலைவனத்தின் பெயர். சிலியின் செல்வத்தில் ஒரு பங்கு கீழிருந்து வந்தது, இன்னொரு பங்கு பெய்யாத மழையால் நிலைத்தது.


தேனி ஆசிரியர் | புதன், மாலை 6:20

எல்லோருக்கும் நன்றி. இன்று வகுப்பில், நான் முன்பு சொன்னது தவறு என்று முதலில் சொன்னேன். கரும்பலகையில் தட்டிலிருந்து மேலே போட்ட அம்புக்குறியில் "செம்பு" என்பதை அழித்துவிட்டு "நீர், கந்தகம்" என்று எழுதினேன். காந்தத்தை நூலில் கட்டிப் பள்ளி மைதானத்துக் கருங்கல்லில் எல்லோரும் சோதித்தார்கள்.

அந்த மாணவி படத்தை மறுபடி உற்றுப் பார்த்துவிட்டு இரண்டு விஷயம் கேட்டாள். வட சிலியில் பச்சைப் புள்ளிகள் சிவப்புப் புள்ளிகளோடு ஒட்டவில்லை, எல்லாமே கொஞ்சம் மேற்கே தள்ளி இருக்கின்றன. இன்னும் தெற்கே லாஸ் பெலாம்ப்ரெஸ் சுரங்கத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளியே இல்லை. ஏன்?


தாதுப்பாறை | புதன், இரவு 7:05

ஐயா, அந்தப் பிள்ளைக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் ஆண்டுதான் இதைக் கவனித்தேன்.

எரிமலை வரிசை ஒரே இடத்தில் நிற்பதில்லை. வட சிலியில் அது கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கிழக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. இன்றைய சிவப்புப் புள்ளிகள் பொலிவியா எல்லையை ஒட்டி நிற்கின்றன. பச்சைப் புள்ளிகள் 3, 4 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே எரிந்த பழைய வரிசை. அந்த எரிமலைகள் அரித்துப் போய்விட்டன, நாங்கள் தோண்டியது அவற்றின் அடிவயிற்றை. லாஸ் பெலாம்ப்ரெஸ் பகுதியில் தட்டு இப்போது சரியாமல் ஏறக்குறைய கிடையாக நுழைகிறது. மேலே உருகுவதற்கு இடமில்லாமல் எரிமலைகள் அணைந்துவிட்டன. அங்குள்ள செம்பு சுமார் 1 கோடி ஆண்டுக்கு முன்பு, அணையப் போகும் கடைசிக் கட்டத்தில் விளைந்தது.

அவளிடம் மூன்றாவது நிறம் ஒன்று கொடுங்கள். ஒவ்வொரு பச்சைப் புள்ளிக்கும் பக்கத்தில் அதன் வயதை எழுதச் சொல்லுங்கள். மேற்கிலிருந்து கிழக்கே வயது எப்படி மாறுகிறது என்று அவளே கண்டுபிடிப்பாள். வயதுப் பட்டியலை இன்றிரவே தட்டச்சு செய்து அனுப்புகிறேன்.